ஏரிக்கரையும் அலையாத்திக் காடும்: நமக்குரிய பங்கு

(கல்விக் கழக வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

    

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் காட்டைப் பற்றியும் ஏரியைப் பற்றியும் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். இத்தலைப்பை விழாக் குழுவினர் முடிவு செய்தபோது, குழுவில் இருந்த பெரியவர் ஒருவர், "நம் பிள்ளைகள் சேற்றை விட்டுக் கரையேறத்தானே பள்ளிக்கூடம் வைத்தோம். மறுபடியும் அவர்களைச் சேற்றில் இறங்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்டதாக அறிந்தேன். கேட்க வேண்டிய கேள்விதான். சேற்றில் நின்று நம் முன்னோர் பட்ட பாட்டை அறிந்தவர் எவரும் அதனைப் புறந்தள்ளமாட்டார். அக்கேள்வியைத் துணையாக வைத்துக்கொண்டே நான் பேச விரும்புகிறேன்.

இன்று உலக நாடுகள் கூடும் மன்றங்களில் 'இயற்கைவழித் தீர்வுகள்' என்னும் சொற்றொடர் பெரிதும் வழங்குகிறது. 2022 மார்ச்சுத் திங்களில் நைரோபியில் கூடிய ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் பேரவை இதற்கு ஒரு வரையறையை ஏற்றுக்கொண்டது. அதன் சாரம் வருமாறு: நிலத்திலும் நன்னீரிலும் கடற்கரையிலும் கடலிலும் உள்ள இயற்கை அமைப்புகளைக் காப்பது, கெட்டுப்போனவற்றை மீட்பது, அறிவோடு பயன்கொள்வது, அதன் வாயிலாகவே வெள்ளம், வறட்சி, உணவு, வாழ்க்கைப்பாடு ஆகிய மனிதச் சிக்கல்களுக்கும் தீர்வு காண்பது. வெள்ளத்திற்கு அஞ்சிச் சுவர் எழுப்புவதற்கு முன், வெள்ளம் தங்கும் சதுப்பைச் சதுப்பாகவே இருக்க விடுவது இவ்வழி. அந்தத் தீர்மானத்திலேயே, இப்பணிகள் உள்ளூர் மக்களுக்கான பாதுகாப்பை மதிப்பவையாக இருத்தல் வேண்டும் என்றும் சொல்லப்பட்டுள்ளது. இதனை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

2021 முதல் 2030 வரையுள்ள ஆண்டுகளை இயற்கைச் சூழல் மீட்புக்குரிய பத்தாண்டு என ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. நம் மாநிலத்தில் 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பெற்றது. காடும் மரமும் சேர்ந்த பரப்பை ஏறத்தாழ 24 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காட்டிற்கு உயர்த்துவது அதன் குறிக்கோள். மைய அரசோ 2023-24 நிதிநிலை அறிக்கையில் அலையாத்திக் காடுகளை வளர்ப்பதற்கெனத் தனித் திட்டம் ஒன்றை அறிவித்தது. பணம் வருகிறது, திட்டம் வருகிறது, பணியிடங்களும் வருகின்றன. எவருடைய நிலத்தில், எவர் கையால், எவர் சொற்படி என்பதே நம் முன் நிற்கும் வினா.

முதலில், இயற்கைவழி என்பது எத்தகையது என்பதை நமக்கு அண்மையிலுள்ள ஓரிடத்தைக் கொண்டு விளக்குவேன். சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலோடு கலக்கும் இடைப்பகுதியில் பிச்சாவரம் காடு உள்ளது. சுரபுன்னை, வெண்கண்டல், தில்லை முதலிய மரங்கள் அங்கே உப்பு நீரில் நிற்கின்றன. சுரபுன்னை முட்டுவேர்களை ஊன்றி நிற்கும். வெண்கண்டலோ சேற்றுக்கு மேலே விரல் விரலாக மூச்சுவேர்களை நீட்டும். தில்லை மரத்தின் பெயரால்தான் சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயர் வழங்கிற்று. அத்தில்லையின் வாயிலில் 'நாளைப் போவேன்' என்று ஏங்கி நின்ற நந்தனாரை இங்குள்ள எவருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் பெயரால் சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் கல்விப் பணியைத் தொடங்கியதையும் இக்கழகத்தினர் நன்கறிவர். கோயில் வாயிலைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கோயிலுக்குப் பெயர் தந்த மரத்தைப் பற்றிப் பேசியது குறைவு.

அந்தக் காடு எவ்வாறு அழிந்தது என்பது கற்கத்தக்க செய்தி. ஆங்கிலேயர் ஆட்சிக் காலம் தொட்டு, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து மொட்டையாக வெட்டும் கூப்பு முறை அங்கே நடந்து வந்தது. வெட்டிய இடத்தில் மரம் தானே முளைத்துக்கொள்ளும் என்று எண்ணினர். முளைக்கவில்லை. மரநிழல் போனபின் வெயில் நேரே சேற்றில் விழுந்தது, ஈரம் வற்றியது, மண் அமிழ்ந்து, நடுவே குழிந்த தொட்டி போலாயிற்று. பெரிய ஓதத்தின்போது உள்ளே புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி வற்றியது. உப்பு மட்டும் எஞ்சிற்று. ஆண்டுதோறும் இவ்வாறு சேர்ந்த உப்பினால், உப்பு நீரிலேயே வாழப் பிறந்த மரங்கள்கூட அங்கே வேர்கொள்ள இயலாமற் போயின. இதற்குக் காரணம் அருகில் வாழும் ஏழைகள் விறகு வெட்டுவதும் மாடு மேய்ப்பதுமே என்று நெடுநாள் கூறப்பட்டு வந்தது. சட்டப்படி நடந்த கூப்பு செய்த கேட்டுக்குச் சுள்ளி பொறுக்கியவள் பழி ஏற்றாள். இத்தகைய பழி நமக்குப் புதிதன்று.

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் சேர்ந்து இக்குழிந்த நிலத்தை ஆராய்ந்து, மரம் நடுவதற்கு முன் நீருக்கு வழி செய்ய வேண்டும் என்று கண்டனர். இயற்கை ஓடையிலிருந்து ஒரு முதன்மைக் கால்வாயும், அதன் இருபுறமும் மீன்முள் போலச் சாய்வாகப் பிரியும் கிளைக் கால்வாய்களும் வெட்டப்பட்டன. ஓதம் ஏறும்போது நீர் உள்ளே வந்தது, இறங்கும்போது வெளியேறியது. நாளடைவில் மண்ணின் உப்பு குறைந்தது. கால்வாய்ச் சரிவுகளில் கன்றுகள் நடப்பட்டன, காடு திரும்பிற்று. பின்னர் இம்முறை முத்துப்பேட்டையிலும், ஆந்திரத்தின் கோதாவரி, கிருஷ்ணா கழிமுகங்களிலும் கைக்கொள்ளப்பட்டது. கடலின் ஏற்ற இறக்கமே நாள்தோறும் கூலியின்றி வேலை செய்தது. மனிதன் செய்தது அதற்கு வாய்க்கால் வெட்டியது மட்டுமே. அந்தக் கால்வாய்களை வெட்டிய மண்வெட்டிகள் எவருடையவை என்று நான் சொல்லவும் வேண்டுமோ? கால்வாயில் ஆண்டுதோறும் சேறு சேரும். தூர் வாராவிட்டால் பழைய நிலை திரும்பும். ஆகவே அருகில் வாழ்வோரின் ஈடுபாடு இன்றி அக்காடு நிலைக்காது.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது, அக்காட்டின் பின்னே இருந்த ஊர்கள் பெருஞ்சேதத்திலிருந்து தப்பின என்று பலர் கூறினர். கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்த அறிஞர்கள், மரங்கள் அடர்ந்த பகுதிக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005-இல் எழுதினர். வேறு சில அறிஞர்கள், ஊர் கடலிலிருந்து எவ்வளவு தொலைவு, தரை எவ்வளவு உயரம் என்பவற்றையும் கணக்கில் கொண்டால் மரத்தின் பங்கு அவ்வளவு பெரிதாகத் தோன்றாது என மறுத்தனர். நம் மாணவர்கள் இவ்விரு தரப்பையும் படிக்க வேண்டும். மரத்தை நம்பி மேட்டை விட்டுப் பள்ளத்தில் குடியேறலாகாது. புயலின் வேகத்தைக் குறைப்பதிலும், கரை அரிப்பைத் தடுப்பதிலும், இறாலுக்கும் நண்டுக்கும் மீன்குஞ்சுக்கும் இடம் தருவதிலும் அக்காட்டின் பயன் ஐயத்திற்கு இடமற்றது. அங்கே நீரில் அமிழ்ந்து கையால் தடவி இறால் பிடித்து வாழும் இருளர் மக்களைக் கேட்டால் தெரியும்.

ஆனால் பேரலைக்குப் பின் 'பசுமை அரண்' என்னும் பெயரில் மணல் மேடுகளின்மேல் வரிசை வரிசையாகச் சவுக்கு நட்டார்கள் அல்லவா, அதனையும் இதனோடு ஒன்றாக எண்ணுதல் தவறு. அம்மணல் மேடே கடலுக்கு இயற்கை இட்ட கரை. ஆமை முட்டையிடும் இடமும் அருகே உண்டு. ஒரே வகை மரத்தை அளவுநூல் பிடித்து நடுவது தோப்பு. அதனைச் சூழல் மீட்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

கடற்கரையை விட்டு இனி நம் ஊர்களுக்கு வருவோம். இங்கே அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் ஏரிப் பாசன ஊர்களைச் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி கண்மாய்கள் உள்ளன. ஏரி மனிதன் கட்டியதாயிற்றே, அஃது எவ்வாறு இயற்கைவழி ஆகும் என்று ஒரு மாணவர் கேட்கலாம். நிலத்தின் சரிவைப் பார்த்து, மழைநீர் தானே ஓடிவரும் போக்கில் ஒரு கரையை மட்டும் இட்டு, மிகுந்த நீர் கலிங்கு வழியே அடுத்த ஏரிக்குப் போகுமாறு சங்கிலியாகப் பிணைத்தவர்கள் இயற்கையின் குறிப்பறிந்து நடந்தவர்கள். மண் சரியாதிருக்கக் கரையில் பனை, அலை அறுக்காதிருக்க உட்புறம் நாணலும் கோரையும், நிலத்தடி நீருக்கு ஊற்று, பறவைக்கும் மீனுக்கும் இடம், வயலுக்கு வண்டல். இன்று நிபுணர்கள் எழுதும் இலக்கணம் முழுவதும் நம் ஏரிக்குப் பொருந்தும்.

இந்த ஏரியை இயக்கியவர் யார்? வட மாவட்டங்களில் நீர்க்கட்டி, கம்புகட்டி என்றும், தென் மாவட்டங்களில் நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பர் என்றும் அழைக்கப்பட்டவர்கள். பெரும்பாலும் நம்மவர்கள். என் தாய்வழிப் பாட்டனார் நீர்க்கட்டியாக இருந்தவர். ஐப்பசி, கார்த்திகை அடைமழை இரவுகளில் அரிக்கேன் விளக்கோடு கரை முழுதும் நடப்பார். நண்டு வளை வழியே நீர் கசிகிறதா, எலி வங்கு விழுந்துள்ளதா என்று காலாலேயே அறிவார். கசிவு கண்டால் வைக்கோலும் நாணலும் களிமண்ணும் சேர்த்து அடைப்பார். மதகருகே கோலை விட்டு, இத்தனை முழம் நீர் இருக்கிறது, இத்தனை காணி நெல்லுக்கு இத்தனை நாள் தாங்கும் என்று சொல்வார். அவர் கணக்குப் பொய்த்ததாக எவரும் கூறக் கேட்டதில்லை. வறண்ட ஆண்டில் கடைமடை வயலுக்கும் முறைவைத்து நீர் போக வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. தனக்கென ஒரு குழி நிலமும் இல்லாதவராதலால் அவரை நம்பியே முறைப்பங்கீட்டை விட்டனர் என்பர்.

இந்த இடத்தில் நம்மில் பலர் மெய்ம்மறந்து 'அந்தக் காலம் பொற்காலம்' என்று பாடத் தொடங்கிவிடுகிறோம். நகரத்து அன்பர்கள் எழுதும் ஏரி நூல்கள் சிலவற்றிலும் இந்த மயக்கம் உண்டு. நான் அதற்கு உடன்படேன். ஊர் முழுவதற்கும் நீர் அளந்த அம்மனிதர் ஊருணியில் ஒரு குடம் நீர் முகக்க முடியாது. அறுவடைக்குப் பின் களத்துமேட்டில் எல்லார் பங்கும் போன பிறகு, கடைசியில் நின்று படி நெல் வாங்கினார். அதற்குச் 'சுதந்திரம்' என்று பெயர்! கையேந்திப் பெற்ற கூலிக்கு இப்பெயரை வைத்தவர்களின் நகைச்சுவை உணர்வை என்னென்பது! நீர்க்கட்டி வேலையோடு செத்த மாட்டைத் தூக்குவதும், சாவுக்குச் சேதி சொல்வதும், பறை அடிப்பதும் பல ஊர்களில் பிணைக்கப்பட்டிருந்தன. அடுத்த தலைமுறை அவ்வேலையை உதறியது. அந்த உதறல் மானத்தின் செயல். அதனை எவரும் குறையாகப் பேச வேண்டாம்.

ஏரிகள் கெட்டதற்குக் காரணம் அதுவன்று. ஆழ்துளைக் கிணறும் மின் இறைப்பானும் வந்தபின், வசதியுடையவர்க்கு ஏரி வேண்டாததாயிற்று. படி நெல் நின்றது. வரத்துக்கால்கள் வீட்டுமனைகளாயின. 1981 முதல் வெளிநாட்டு நிதியோடு நடந்த சமூகக் காடு வளர்ப்பின்போது ஏரி உள்வாய்களில் கருவேலம் நடப்பட்டது. விளைந்தபின் ஏலம் விடப்பட்டது. ஏரி உள்வாயில் ஆடு மேய்த்து வந்த நிலமற்றவர்களுக்கு அந்தப் புல்வெளி போயிற்று. அதுவும் 'பசுமை'ப் பணிதான்.

இப்போது மீட்புக் காலம். மீட்பின் சட்ட அமைப்பைச் சற்றுப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டத்தின்கீழ் அமைந்த நீர்ப் பயன்பாட்டோர் சங்கங்கள், ஆயக்கட்டில் நிலம் உடையோரை உறுப்பினராகக் கொண்டவை. 2017-இல் குடிமராமத்து மீண்டும் கொணரப்பட்டபோது பணிகள் அத்தகைய ஆயக்கட்டுதாரர் வழியே நடந்தன. ஏரியின் வண்டலை எடுத்துக்கொள்ள அதே ஆண்டில் அனுமதி வந்தது. வண்டலை வாங்கிப் போட வயல் வேண்டும். வயல் உடையவர் பெற்றார். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த நூறு நாள் வேலையிலோ, அதே ஏரியில் வெயிலில் மண் சுமந்தவர்களுள் நம் தாய்மார்களே மிகுதி. ஆக, வெட்டும் உரிமை நமக்கு. முடிவு செய்யும் உரிமை நிலமுடையவர்க்கு. நிலமற்றவருக்கும் ஏரியில் உயிரான நலன் உண்டு. குடிநீர், மீன், கோரை, மேய்ச்சல், விறகு, ஈரம் இருந்தால் கிடைக்கும் நடவு வேலை, எல்லாம் ஏரியைச் சார்ந்தவை. ஆயினும் ஏட்டில் அவர் 'பயனாளி' அல்லர்.

விறகு என்றதும் சீமைக்கருவேலம் நினைவுக்கு வருகிறது. நீர்நிலைகளை அடைத்து, புல்லையும் பிற செடிகளையும் வளரவிடாது தடுக்கும் அம்மரத்தை அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் மாநிலமெங்கும் வெட்டும் இயக்கம் நடந்ததும் நினைவிருக்கும். ஆனால் இராமநாதபுரம் பக்கம் சென்று பாருங்கள். நிலமற்ற குடும்பங்கள் எத்தனையோ, மழை பொய்த்த ஆண்டுகளில் அம்மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டே அடுப்பு எரித்தன. அகற்றுவது சரி, அகற்றிய இடத்தில் என்ன வரும், கரிமூட்டம் போட்டவர் அடுத்த ஆண்டு எதைக் கொண்டு உண்பார் என்னும் கேள்விக்கு விடை எழுதாத திட்டம் அரைத் திட்டமே. மேலும், வேரோடு அகற்றி, நாட்டு மரங்களையும் புல்லையும் ஊன்றிச் சில ஆண்டுகள் காவாவிட்டால் அது மீண்டும் தழைக்கும். காவல் காக்க அருகில் வாழ்பவர் வேண்டும்.

இனிச் சொல்வது எனக்கு மிகவும் நெஞ்சை வருத்துவது. சென்னையின் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் உள்ளது. சுற்றியுள்ள பல ஏரிகளின் மிகைநீரைத் தாங்கி, மெல்லக் கடலுக்கு விடும் இயற்கைத் தொட்டி அது. சில பத்தாண்டுகளுக்குள் அது பத்தில் ஒரு பங்களவாகச் சுருங்கிற்று என ஆய்வாளர் கூறுவர். குப்பை மேடும், சாலையும், நிறுவனங்களின் பெருங்கட்டடங்களும் அதனை விழுங்கின. 2015 டிசம்பரில் நகரம் மூழ்கியபோதுதான் சதுப்பின் அருமையைப் பலர் உணர்ந்தனர். 2022-இல் அதற்கும், பிச்சாவரத்திற்கும் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலம் என்னும் தகுதி கிடைத்தது. மகிழ வேண்டிய செய்திகள்.

ஆனால் அதே சதுப்பின் விளிம்பில், வெள்ளம் தேங்கும் தாழ்ந்த நிலத்தில், கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்னும் மறுகுடியமர்வுப் பகுதிகள் எழுந்தன. அங்கே கொண்டுபோய் விடப்பட்டவர்கள் யார்? கூவம், அடையாறு கரைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து நகரத்தைத் துப்புரவு செய்தும், சுமை தூக்கியும், வீட்டு வேலை செய்தும் பிழைத்தவர்கள். அவர்களுள் நம் மக்களே மிகுதி. 2015 வெள்ளத்திற்குப் பின், ஆற்றை மீட்பதற்காகவும், கரைவாழ் மக்களின் பாதுகாப்புக்காகவும் என்று சொல்லி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அகற்றப்பட்டன. ஆற்றங்கரை வெள்ளத்திலிருந்து காப்பதாகக் கூறிச் சதுப்பின் வெள்ளத்தில் குடியேற்றினர். செம்மஞ்சேரி அதன் பின்னரும் மழைதோறும் நீரில் நின்றது. பிள்ளைகளின் படிப்பு இடையில் அறுந்தது. தாய்மாரின் வேலையிடம் இருபது கிலோமீட்டருக்கு அப்பாலாயிற்று. ஆற்றங்கரையில் எழுந்த பெரிய கட்டடங்களோ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆற்றுக்கு ஒரு மீட்பு, சதுப்புக்கு ஒரு சிதைவு, மக்களுக்கு இரண்டிலும் இழப்பு என்றால் கணக்கு எங்கே தவறியது? நைரோபித் தீர்மானத்தில் உள்ளூர் மக்களின் பாதுகாப்புப் பற்றி ஒரு வாசகம் உண்டு என்றேனே, அது நினைவுக்கு வரட்டும்.

இதனால் சூழல் பாதுகாப்பே மேட்டுக்குடியினரின் சூழ்ச்சி என்று முடிவு கட்டுவோரும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் சினம் எனக்குப் புரிகிறது, முடிவு சரியன்று. சதுப்பு அழிந்தால் முதலில் மூழ்குவது நம் குடியிருப்பு. ஏரி வற்றினால் முதலில் வற்றுவது சேரியின் கைப்பம்பு; பணக்காரர் கிணற்றை இன்னும் நூறடி ஆழப்படுத்திக்கொள்வார். ஆகவே இயற்கைவழித் தீர்வுகள் பெருக வேண்டும் என்று எவரினும் உரக்கக் கேட்க வேண்டியவர்கள் நாம்தாம்.

அண்ணல் அம்பேத்கர் இதில் நமக்கு முன்னோடி. 1927 மார்ச் 20-இல் மகாடு நகரின் சவுதார் குளத்தில் அவர் இறங்கி நீர் அருந்தியதை நாம் அறிவோம். அக்குளத்தை எல்லார்க்கும் திறந்துவிட்டதாக நகராட்சி 1924-இலேயே தீர்மானம் இயற்றியிருந்தது. ஏட்டிலிருந்த உரிமையைக் கரையில் நிலைநாட்டவே அவர் சென்றார். வழக்கு முடிய 1937 வரை ஆயிற்று. அதே அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் அவையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தபோது, நாட்டின் நீர்க்கொள்கைக்கே அடித்தளம் இட்டார் என்பதை நம் மேடைகளில் அரிதாகவே சொல்கிறோம். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டமும், 1945-இல் அமைந்த மைய நீர்வழி ஆணையமும் அக்காலத்தவை. அவ்வாண்டு நவம்பரில் கட்டாக்கில் ஒரிசாவின் ஆறுகளைப் பற்றிப் பேசியபோது, மிகுந்த நீரைத் தீங்கு என்று கருதிக் கடலுக்கு ஓட்டிவிடும் எண்ணமே பிழை, நீரைத் தேக்கிப் பயன்கொள்ள வேண்டும் என்றார். அவர் காட்டிய வழி பேரணை. நான் இன்று பேசுவது வேறு வழி. ஆனால் குளத்தில் இறங்கும் உரிமைக்காகப் போராடியவரே நீரியல் கற்று ஆணையம் அமைத்தார் என்பதை நோக்குங்கள். உரிமையும் துறையறிவும் அவரிடம் ஒன்றாக இருந்தன.

பெரியவரின் கேள்விக்கு என் விடையும் இதுவே. சேற்றில் கூலியாக இறங்குவது வேறு. சேற்றை அளந்து, அதன் உப்பைச் சோதித்து, எங்கே கால்வாய் வேண்டும் என்று கோடு போடுபவராக இறங்குவது வேறு. வனவியல், நீரியல், தாவரவியல், மண்ணியல், நில அளவை, சட்டம் ஆகிய படிப்புகளில் நம் மாணவர்கள் இன்னும் மிகுதியாகச் சேர வேண்டும். கழகத்தின் உதவித்தொகை இதுகாறும் மருத்துவத்திற்கும் பொறியியலுக்குமே சென்றுள்ளது. அடுத்த ஆண்டு முதல் ஓரிரு இடங்களையேனும் இத்துறைகளுக்கு ஒதுக்குமாறு செயற்குழுவை இம்மேடையிலேயே வேண்டுகிறேன்.

படிக்கும் காலத்திலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மரம் நடப் பரப்பு வேண்டும் என்று அரசு தேடும்போது, ஏட்டில் 'தரிசு', 'புறம்போக்கு' என்று உள்ள நிலமே முதலில் கண்ணில் படும். அந்தத் தரிசில்தான் நம் ஆடு மேய்கிறது. நம் சுடுகாடு இருக்கிறது. சில இடங்களில் நம் வீடே இருக்கிறது. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891-இல் எழுதிய அறிக்கையின் பயனாக 1892-இல் வந்த ஆணைப்படி நம் முன்னோர்க்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களுள்ளும் பல, உழப்படாமல் தரிசாகவோ பிறர் கையிலோ கிடக்கின்றன. ஆகவே ஒவ்வோர் ஊரிலும் இரண்டு மாணவர்களேனும் வட்டாட்சியர் அலுவலகத்தில் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் கேட்டுப் பெற்று, ஏரி, வரத்துக்கால், மேய்ச்சல், சுடுகாடு, பஞ்சமி நிலம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். தர மறுத்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஏரி மீட்புப் பணி கிராம சபையில் வரும்போது நிலமற்றோர்க்கும் குழுவில் இடம், மீன் குத்தகையில் பங்கு, கரைக்காவலுக்கு மாத ஊதியம் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். கரைக்காவல் எந்தச் சாதிக்கும் உரிய தொழிலாக இல்லாமல், எவரும் விண்ணப்பித்துப் பெறும் பணியாக இருத்தல் வேண்டும். இதனைச் சற்று அழுத்தியே கேட்க வேண்டும். இல்லையேல் பழைய நீர்க்கட்டி புதிய அட்டையோடு திரும்பி வருவார்.

பின்வரிசையில் மூன்று முதியவர்கள் அமர்ந்திருக்கின்றனர். மூவரும் மூன்று ஏரிகளில் நீர்க்கட்டிகளாக இருந்தவர்கள். வயது எண்பதைக் கடந்தவர்கள். அவர்கள் ஏரியின் எந்த மதகு எந்த மாதம் திறந்தது, எந்த இடத்தில் கரை உடைந்தது, எந்த வரத்துக்கால் எவர் மனைக்குள் போயிற்று என்பது அவர்கள் நினைவில் இருக்கிறது. எந்த அலுவலகத்திலும் இல்லை. உணவு இடைவேளைக்குப் பின் அவர்கள் இவ்வரங்கிலேயே இருக்க இசைந்துள்ளனர். மாணவர்கள் குறிப்பேட்டோடு வாருங்கள். நாற்காலிகளை அவர்களைச் சுற்றிப் போடுமாறு தொண்டர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.